டிராயிங் மாஸ்டர் பதில்கள்

எனக்கு 71 வயது. இனிமேல் பிரஷ் பிடித்தால் ஊர் சிரிக்காதா?
- வாசகி, கோவில்பட்டி

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் யுட்டோப்பியா என்று ஓர் இடம். அங்கே எமிலி காமே உங்வாரே என்ற பழங்குடிப் பாட்டி கான்வாஸில் முதல் படம் தீட்டியது 1988 கடைசியில். வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1996 செப்டம்பரில் காலமானார். நடுவில் இருந்த எட்டு வருஷத்தில் சுமார் 3,000 படங்கள் என்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு ஒன்று!

அதற்காக, கை சும்மா இருந்தது என்று நினைக்க வேண்டாம். 'அவெல்யே' என்ற பெண்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் வண்ணமண் குழைத்துக் கோடு இழுத்துப் பழகிய கை அது. 1977-லிருந்து பத்து வருஷம் பாட்டிக் (துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் வேலை) வேறு. வாத்தியார் வேலைக்கு வருமுன் நானும் ஒரு பாட்டிக் பட்டறையில் இரண்டு வருஷம் கிடந்தவன். மெழுகு வைப்பது சுகம், எடுப்பதுதான் பாடு. துணியைக் கொதிநீரில் முக்கி, மிதந்து வரும் மெழுகை வழித்து, சோப்புப் போட்டு அலசி, மறுபடி கொதிநீர். விரலெல்லாம் வெந்துபோகும். அந்தப் பாட்டியும் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து அலுத்துப்போய், சோம்பல் வந்துதான் துணியை விட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருடைய 'பெரிய கிழங்கு' படத்தைப் பார்த்தேன். கரும்பலகையில் பிள்ளைகள் கிறுக்கியது போல இருக்கிறது. இதற்கா கோடிக்கணக்கில் விலை?
- வாசகர், தேனி

கோபப்படாமல் கேளுங்கள். 1995-இல் வரைந்தது, இப்போது மெல்பர்ன் கலைக்கூடத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். கறுப்புக் கான்வாஸைத் தரையில் விரித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் கோடாக இழுத்து இரண்டே நாளில் முடித்தார். கோடு என்பது மண்ணுக்குள் ஓடும் ஒரு கிழங்குக் கொடி. நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் தாவரவியல்படி பங்காளிதான். ஆனால் அங்கே முக்கியமாகத் தின்பது கிழங்கை. கிழங்கு முற்றினால் மேல்மண் வெடிப்பு விடும். பெண்கள் அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் குச்சியால் தோண்டுவார்கள். வேரும் வெடிப்பும் ஒரே கோட்டில் வந்துவிட்டது. 'காமே' என்றால் அந்தக் கொடியின் விதை. ஆக, நீங்கள் கிறுக்கல் என்றது அவருடைய பெயரை!

விலை விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. நாலு துண்டாக அவர் வரைந்த இன்னொரு படம் 2017-இல் 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கைமாறியது. பாட்டி போய் 21 வருஷம் கழித்து. இருந்த காலத்தில் கையில் வந்ததை உறவுக்கூட்டத்தோடு பங்கு போட்டுக்கொண்டவர்.

பழங்குடி ஓவியம் என்றால் புள்ளிதானே?
- வாசகர், சேலம்

இல்லை. இவரே ஆரம்பத்தில் புள்ளி புள்ளியாக வைத்தவர், பிறகு வெறும் கோட்டுக்கு வந்துவிட்டார். சாவதற்குச் சில வாரம் முன்பு, கான்வாஸுக்கு வெள்ளை அடிப்பூச்சு அடிக்கிற பட்டை பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி, மூன்று நாளில் 24 சின்னப் படங்கள். இளஞ்சிவப்பும் நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக. மருந்துக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது.

கோவில்பட்டி அம்மா, பட்டை பிரஷ் பெயின்ட் கடையிலேயே கிடைக்கும்.