வாசகர் கேள்வி – பதில்: பிரெஞ்சு வினையை அசை பிரிப்பது எப்படி?

கேள்வி: கல்லூரியில் மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுத்திருக்கிறேன். வினைகளை அசை பிரித்து அழுத்தம் குறிக்கச் சொல்கிறார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறாக இருக்கிறதே?
– வாசகி, தக்கலை

பதில்: எழுத்தைப் பார்த்துப் பிரித்தால் தப்பாகத்தான் வரும். வாய்விட்டுச் சொல்லி, காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள். எத்தனை உயிரோ அத்தனை அசை. 'நூ பார்லோன்' (பேசுகிறோம்): வினை பார்–லோன், இரண்டசை. 'இல் பார்ல்' (பேசுகிறார்கள்): கடைசியில் எழுதும் ஈ, என், டி (e, n, t) மூன்றும் ஊமை, அதனால் ஒரே அசை. 'இல் பார்லே' (பேசிக்கொண்டிருந்தார்கள்) என்பதிலும் அந்த மூன்றும் ஊமைதான். ஆனால் அவற்றுக்கு முன் நிற்கும் ஏ, ஐ (a, i) ஒலிப்பதால் பார்–லே, இரண்டு. வரிக்கடைசியில் சொல்லை உடைத்து எழுதுவது வேறு கணக்கு, அங்கே ஊமை எழுத்துக்கும் இடமுண்டு. வினாத்தாள் எதைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாப்பில் படித்த நேர், நிரையை இங்கே கொண்டுவர வேண்டாம். 'அபெல்' (அழைக்கிறேன்) நமக்கு ஒரு நிரையசை. பிரெஞ்சில் அ–பெல், இரண்டு. இதில் பி எழுத்து இரட்டித்திருப்பதைப் பார்த்து 'அப்பெல்' என்று அழுத்திவிடுவது தமிழ் நாக்குக்கு இயல்பு. அது கூடாது, ஒற்றை மெய்தான். அதே வினை 'நூ' (நாம்) சேர்ந்தால், 'நூ'வின் கடைசி ஊமை எஸ் உயிருக்கு முன் ஒலித்து, பேச்சில் நூ–ஸப்–லோன் ஆகிறது: அழுத்தம் கடைசிக்கு நகர, 'பெல்'லில் இருந்த உயிர் மெலிந்து மறைகிறது. எழுத்திலும் இரண்டு எல் ஒன்றாகக் குறைவது இதனால்தான். காரணம் தெரிந்தால் இந்த வினைகளை உருப்போட வேண்டியதில்லை.

மெலிந்த உயிர் எப்போதும் மறையாது. 'கொடுப்பேன்' என்பது தொன்–ரே என்று சுருங்கும். 'பேசுவேன்' பார்–லு–ரே என்றே பெரும்பாலும் நிற்கும், விட்டால் மூன்று மெய் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டுகிறேன். பிரெஞ்சில் அழுத்தம் எங்கே விழும்?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: சொல்லுக்கு அல்ல, சொற்றொடருக்கு, அதன் கடைசி அசையைச் சற்று நீட்டினால் போதும். படகைக் காட்டி 'இல் ஆரீவ்' (வருகிறது) என்றால் இ–லா–ரீவ், நீட்டல் 'ரீவ்'வில். 'நண்பகலில் வருகிறது' என்றால் இ–லா–ரீ–வா–மி–தி, நீட்டல் 'தி'க்குப் போய்விடும், வினையில் எதுவும் மிஞ்சாது. படகுகள் பல என்றால் இல்–ஸா–ரீவ். அந்த 'ஸ' ஆங்கில z போல அதிர்வோடு ஒலிக்க வேண்டும், ஒருமை பன்மையைக் காதுக்குக் காட்டுவது அது ஒன்றுதான்.