கட்டிலுக்கடியில் பஞ்சு, பரணில் கம்பளி

கேள்வி: எனக்கு 47 வயது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மாடி போர்ஷன், இரண்டே ரூம். ஸ்கூலில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த ஸ்வெட்டர் பின்னல் இன்னும் கையில் இருக்கிறது. லாக்டவுன் சமயத்தில் பெட்டி ராட்டை வாங்கி நூற்கவும் பழகினேன். ரொம்பப் பிடித்துப் போய்விட்டது, அதுதான் பிரச்னையே. இப்போது கட்டிலுக்கடியில் 6 கிலோ பஞ்சுப் பட்டை, பரணில் 4 கிலோ கம்பளி, பீரோவில் புடவைகளுக்கு நடுவே கொஞ்சம் பட்டுக் கழிவு. மாமனார் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். "அங்க மில்ல மூடிட்டானுங்க, நீ வீட்ல ஒண்ணு தொறந்துட்டியாம்மா" என்று சிரிக்கிறார். கணவர் சிரிப்பதில்லை. மகள், "இந்த ஊர்ல ஸ்வெட்டர் யாரும்மா போடுவா" என்கிறாள். போன வாரம் கம்பளி மூட்டையைப் பிரித்தபோது சின்னப் பூச்சி ஒன்று பறந்தது. இதற்கு நடுவில் ஆன்லைனில் சுவின் பஞ்சு அரை கிலோ ஆர்டர் போடக் கை பரபரக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவா?

பதில்: கொடுப்பதா வைப்பதா என்பதை அப்புறம் பேசலாம் சகோதரி, முதலில் அந்தப் பூச்சி. மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, அதற்கு இல்லை.

வைக்கோல் நிறத்தில், ஒரு அரிசி நீளத்துக்கு இருந்து, வெளிச்சத்தைக் கண்டதும் இருட்டு மூலையைத் தேடி ஓடியிருந்தால் அது அந்துப்பூச்சிதான். பறப்பது எதையும் தின்னாது, அது முட்டை போட்டுவிட்டுப் போய்ச் சேரும். தின்பது அந்த முட்டையிலிருந்து வரும் புழு. அதற்குக் கம்பளியும் பட்டும்தான் சாப்பாடு. சுத்தமான பருத்தியைத் தொடாது, ஆகவே கட்டிலுக்கடியில் இருக்கும் 6 கிலோவைப் பற்றி இன்றைக்குக் கவலைப்பட வேண்டாம். ஆனால் பீரோவில் இருக்கும் அந்தப் பட்டுக் கழிவை இப்போதே, இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய், புடவைகளிடமிருந்து பிரித்து வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் கல்யாணப் புடவையும் அந்தப் புழுவுக்கு அதே சாப்பாடுதான்.

கம்பளியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பையாகக் கொட்டி உதறுங்கள். வெள்ளையாகச் சின்னக் குழாய் மாதிரி கூடு, மணல் மணலாகக் கழிவு, நடுவில் அறுந்து அறுந்து வரும் இழை, இதில் எது இருந்தாலும் அந்தப் பையில் புழு இருக்கிறது. மோசமாகத் தின்றதைத் தூக்கிப் போடுங்கள், தானம் செய்யாதீர்கள். மிச்சத்தைக் காப்பாற்ற இரண்டு வழி. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இருந்தால், நன்றாகக் காய்ந்த கம்பளியைக் காற்றுப் புகாத கவரில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டிக்கு அந்தக் குளிர் வராது. வெளியே எடுத்தவுடன் கவரைப் பிரிக்கக் கூடாது, ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பளி வியர்த்து ஈரமாகிவிடும். காசிமேட்டு வஞ்சிரமும் அதே ஃப்ரீசரில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால் இரண்டு கவர் போடுங்கள், கம்பளி வாசனையைப் பிடித்தால் லேசில் விடாது.

இன்னொரு வழி நம்ம ஊர் வெயில். 50 டிகிரிக்கு மேல் சூடு உள்வரைக்கும் போய்ச் சில மணி நேரம் நின்றால் முட்டை, புழு எல்லாமே செத்துவிடும். மே மாத மொட்டை மாடியில், கறுப்புப் பாலித்தீன் பையில், மெலிதாகப் பரப்பி வைத்த கம்பளிக்கு அந்தச் சூடு கிடைக்கும். மூட்டையாகக் கட்டி வைத்தால் நடுவில் இருக்கும் புழு சுகமாகத் தூங்கும், பரப்பினால்தான் பலன்.

அந்துருண்டை போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் போடச் சொல்ல மாட்டேன். அந்த நாப்தலின் ஆவி இரண்டு ரூம் வீட்டில் நீங்கள் எல்லோரும் மூச்சு விடும் காற்றில்தான் கலக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும், அவர்களுக்கு இது இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். வேப்பிலை, வசம்பு எல்லாம் வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு இருக்கும் துவைக்காத கம்பளி இருந்தால் அதை முதலில் வெந்நீரில் சோப்புப் போட்டு, கசக்காமல், ஊறவைத்து மட்டும் அலசுங்கள். வெந்நீரில் கசக்கினால் கம்பளி சிக்குப் பிடித்துப் பாயாகிவிடும். அப்புறம் ரப்பர் ஓரம் வைத்த மூடி டப்பாவில் போட்டு மூடலாம். எப்போது மூடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில், நவம்பர் மழையில் மூடி வைத்தால் உள்ளே பூஞ்சைதான் வளரும். பங்குனி, சித்திரை மத்தியான வெயிலில் காயவைத்து மூடுங்கள், சிலிக்கா ஜெல் பாக்கெட் கிடைத்தால் இரண்டு போடுங்கள்.

சரி, இப்போது கட்டிலுக்கடிக்கு வருவோம். 6 கிலோ என்றதும் ஏதோ குற்றம் செய்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கணக்காகத்தான் பார்க்கிறேன். 1924-இல் காங்கிரஸ் உறுப்பினர் சந்தாவாகப் பணத்துக்குப் பதில் நூல் கேட்டார்கள், மாதம் 2,000 கஜம். ஒரு நாளைக்கு 67 கஜம் சுமார், கை பழகியவருக்கு அரை மணி நேர வேலை. அதை நீங்கள் ஒரு நாள் விடாமல் செய்தாலும் வருஷத்துக்கு 24,000 கஜம். ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர், இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 20-ஆம் நம்பர் நூற்றால் 24,000 கஜத்துக்குச் செலவாகும் பஞ்சு 650 கிராம்தான். அதாவது கட்டிலுக்கடியில் இருப்பது ஒன்பது வருஷத்துக்கு மேல் வரும்! 10-ஆம் நம்பராகத் தடியாக நூற்றால் வருஷத்துக்கு 1.3 கிலோ போகும், நாலரை வருஷத்தில் முடியும்.

கையால் நூற்பவர் எல்லோருக்கும் பஞ்சு சேரும், ஏனென்றால் வாங்குவதற்கு இரண்டு நிமிஷம், நூற்பதற்கு இரண்டு மாதம். மாமனாரின் மில்லில் ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் ஓடின, உங்களிடம் ஓடுவது ஒன்று. ஆகவே "இவ்வளவு இருக்கே" என்ற குற்ற உணர்ச்சியை விடுங்கள், "இது எத்தனை வருஷத்துக்கு" என்று மட்டும் கேளுங்கள். பஞ்சுக்கு நாலைந்து வருஷம் என்பது என் கணக்கில் ஒன்றும் அதிகமில்லை, காய்ந்த இடத்தில் இருந்தால் அது கெடாது. கம்பளிக்கும் பட்டுக்கும் நான் ஒரு வருஷத்துக்கு மேல் அனுமதிக்க மாட்டேன். அவற்றுக்கு இங்கே எதிரி அதிகம்.

அப்புறம் ஒரு விஷயம், பஞ்சை ஏன் கட்டிலுக்கடியில் வைக்கிறீர்கள்? மாடி என்பதால் வெள்ளம் வராது, சரி, ஆனால் தரையோடு இருக்கும் ஈரமும் ராமபாணப் பூச்சியும் வரும். கம்பளியைக் கண்ணில் படுகிற மாதிரி கீழே கொண்டுவந்துவிட்டுப் பஞ்சைப் பரணுக்கு ஏற்றுங்கள். அந்துப்பூச்சிக்குப் பிடித்தது இருட்டும் யாரும் தொடாத அமைதியும்தான், அதைத்தான் பரணில் நாலு கிலோவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தீர்கள்.

எதைக் கொடுப்பது என்று கேட்டீர்கள். எடை போட்டுத் தீர்மானிக்காதீர்கள், விலையைப் பார்த்தும் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் பத்து கிராம் எடுத்து நூற்றுப் பாருங்கள். சிலது பத்து கிராம் முடிந்ததும் கை தானாக அடுத்த பட்டையைத் தேடும். சிலது முடிந்தால் போதும் என்றிருக்கும், அதைத்தான் கொடுக்க வேண்டும், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். உங்களைப் போல நூற்பவர்களுக்கே கொடுங்கள். தலையணையில் அடைப்பவருக்குக் கொடுத்தால் பிறகு உங்களுக்கே மனசு கேட்காது. பையின் மேல் என்ன பஞ்சு, எப்போது வாங்கியது, எத்தனை கிராம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வாங்கிக்கொள்பவர் உங்களை வாழ்த்துவார்.

மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் ஜனவரி விடியற்காலையிலேயே 20 டிகிரிக்குக் கீழே ரொம்ப இறங்குவது அபூர்வம், மார்கழியில் குல்லா போடுவது பச்சைக் குழந்தையும் தாத்தாவும் மட்டும். கம்பளியில் முழு ஸ்வெட்டர் பின்னினால் அது பெங்களூர் சித்திக்கோ ஊட்டி சம்பந்திக்கோதான் போகும். ஏசி ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு ஒரு சால்வை, ஏசி ரயிலில் போகிறவருக்கு ஒரு சால்வை, நாலு கிலோவை இப்படிக் கரைக்கலாம். கூடவே கடையில் "உல்லன்" என்று சொல்லி விற்ற நூலும் அந்தப் பரணில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு இழையை எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து தானாக அணைந்தால் கம்பளி, உருகிக் கெட்டியாக மணி மாதிரி ஆனால் அக்ரிலிக். சௌகார்பேட்டைப் பக்கம் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் தருவார்கள். பூச்சியும் தின்னாது, அதை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்.

ஆனால் மகள் கேட்காத கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நீங்கள் நூற்ற பஞ்சு நூலிலேயே ஏன் பின்னவில்லை? கடிதத்தில் நூற்பது ஒரு பக்கம், பின்னுவது ஒரு பக்கமாக நிற்கிறது. சேர்ந்து போயிருக்கும் நூல் சிட்டங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என் ஊகம், ஒருமுறை ஒற்றை நூலில் பின்னிப் பார்த்திருப்பீர்கள், துணி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சாய்ந்திருக்கும், வெறுத்துப்போய் வைத்திருப்பீர்கள். ஒற்றை நூலில் முறுக்கு ஒரே திசையில் இருப்பதால் அப்படித்தான் ஆகும். 10-ஆம் நம்பர் நூலாக நூற்று, நாலு இழையைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்குங்கள். நாலு புரி நூல், 100 கிராமுக்கு 400 மீட்டரை ஒட்டி வரும். கடையில் சாக்ஸ் பின்ன விற்கும் நூலின் தடிமன் அது, 3 மில்லிமீட்டர் ஊசிக்கு அளவாக இருக்கும். பின்னுவதற்கு முன் சிட்டத்தைக் கொஞ்சம் வாஷிங் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள், பஞ்சின் மெழுகு கழன்று தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், முறுக்கும் அடங்கிவிடும். இதில் பாத்திரம் துடைக்கும் துணி, குழந்தைக் குல்லா, கையில்லாத சட்டை, தோள்பை என்று பின்னினால் மகளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். பருத்திக்குக் கம்பளியின் இழுவை கிடையாது, துவைக்கத் துவைக்கத் தொங்கும், ஆகவே விளிம்பைக் கொஞ்சம் இறுக்கமாகப் பின்னுங்கள். இப்படிப் போனால் கட்டிலுக்கடி தானாகக் காலியாகும், நாலு புரி என்பது பஞ்சை நன்றாகவே சாப்பிடும்.

இதற்கு உங்கள் ஊர் காற்று ரொம்ப நல்லது. பஞ்சு இழை ஈரத்தில்தான் பலமாக இருக்கும். மில்களில் தண்ணீரைப் புகையாக அடித்து உண்டாக்கும் ஈரத்தை உங்களுக்குக் கடல் சும்மா கொடுக்கிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து "இழை அறுந்துகொண்டே இருக்கிறது" என்று எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதே, ஏசியை அணையுங்கள் என்பதுதான். ஃபேனையும் நிறுத்திவிட்டு விடியற்காலையில் நூற்றுப் பாருங்கள். கம்பெனிக் காலத்துச் சென்னைக் கவர்னர் காலெட் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டை உங்களுடையது, அந்த இடத்தில் ராட்டை ஓடுவதற்குக் கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர் சிரிக்காததற்குக் காரணம் பணமா இடமா என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள். இடம் என்றால் பரண் விஷயம் அதைத் தீர்க்கும். பணம் என்றால் மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை சொல்லி அதில் நில்லுங்கள்.

கடைசியாக அந்தச் சுவின் அரை கிலோ. 1974-இல் கோயம்புத்தூரில் உருவாக்கி வெளியிட்ட ரகம், நம் நாட்டுப் பருத்தியில் அதை விட நீளமான இழை கிடைப்பது கஷ்டம், கையில் எடுத்தால் பட்டு மாதிரி வழுக்கும், ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் அது 100-ஆம் நம்பர், 120-ஆம் நம்பர் என்று மெல்லிசாக நூற்பதற்கான பஞ்சு. அதை 10-ஆம் நம்பராக நூற்று நாலு புரி முறுக்குவது வீண், மெல்லிசாக நூற்றால் அரை கிலோவுக்கு உங்கள் அரை மணி நேரக் கணக்கில் நாலு வருஷம் போல ஆகும். 50 கிராம் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் வாங்குங்கள், அரை கிலோதான் குறைந்தபட்சம் என்றால் உங்களைப் போல இன்னும் நாலைந்து பேரைப் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.