கோத்தகிரில போட்டை நிறுத்திட்டு சென்னை கிளம்பறவங்களுக்கு

கேள்வி இதுதான். கேட்டவருக்கு சொந்த ஊர் கோத்தகிரி, வேலை சென்னைல. எண்டர்பிரைஸ்ங்கற வகை ஃபைபர் பாய்மரப் படகு ஒண்ணு வச்சிருக்கார், ரெண்டு பேர் ஓட்டறது, கூடவே பின்னாடி மாட்டற ரெண்டரை எச்பி அவுட்போர்ட் மோட்டார். 2016 டிசம்பர்ல வர்தா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம்னு பாத்தாச்சு, இனிமே மழை சீசன்ல போட்டை கரைல விட மனசு வரல, அதனால ட்ரெய்லர்ல ஏத்தி ஊருக்கு கொண்டுபோய் அப்பா அம்மா இருக்கற வீட்டுல பிப்ரவரி வரைக்கும் விட்டுட்டு திரும்பி வந்துடலாம்னு பிளான். யூட்யூப்ல பாத்தா குளிர் ஊர்ல மோட்டார்ல தண்ணி உறையாம இருக்க ஆன்டிஃப்ரீஸ் ஊத்தணும், போட்டை பிளாஸ்டிக் போட்டு இறுக்கி சுத்தணும்ங்கறாங்க, நமக்கும் அதெல்லாம் வேணுமான்னு கேக்கறார்.

ரெண்டும் வேணாம். அந்த வீடியோ எல்லாம் ஏரியே உறைஞ்சு போற ஊர்க்காரங்க எடுத்தது. நம்ம மலைல போட்டை கெடுக்கறது ஈரம், குளிர் ரெண்டாம்பட்சம்தான். அதுவும் நீலகிரில கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை வாங்கும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கிழக்க பாத்தது, வடகிழக்கு மழை நல்லா வாங்கும். அதாவது சென்னைல எந்த மழைக்கு பயந்து ஓடி வர்றீங்களோ அதே மழை இங்கயும் இருக்கு, காத்தோட வேகம்தான் இல்ல. அதனால செய்யற ஒவ்வொரு வேலைலயும் ஒரே கேள்வி கேளுங்க, இதுக்குள்ள ஈரம் மாட்டுமா, மாட்டினா வெளிய போக வழி இருக்கா, அவ்ளோதான்.

முதல் வேலை சென்னைலயே ஆரம்பிக்குது. நல்ல தண்ணில கழுவறது. சும்மா ஹோஸ் பிடிச்சு மேலாக்க அடிச்சா பத்தாது, கயிறு எல்லாத்தையும் பக்கெட்ல ஊறப் போட்டு ரெண்டு தண்ணி மாத்துங்க, கப்பி உள்ள, பாயை ஏத்தற கம்பம் மாஸ்ட் இருக்கே, அதுக்கு உள்ள, பாயோட ஓரத் தையல், ட்ரெய்லரோட லீஃப் ஸ்பிரிங் இடுக்கு, எல்லாம். ஏன் இவ்ளோ சொல்றேன்னா உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஹ்யூமிடிட்டி 75 சதவீதத்தை தாண்டினா உப்பு தானா தண்ணி விட ஆரம்பிச்சுடும், நவம்பர்ல கோத்தகிரில மூடுபனி இறங்கினா அதுக்கு மேல சர்வ சாதாரணம். உப்போட வச்ச பாயும் கயிறும் அஞ்சு மாசத்துக்கு காயவே காயாது. நல்ல தண்ணில அலசினது ஒரு நாள் வெயிலுக்கே காஞ்சுடும்.

அடுத்தது யாரும் யோசிக்காத விஷயம். உங்க போட்ல ரெண்டு பக்கமும் மிதக்கறதுக்குன்னு காத்து அடைச்ச டேங்க் இருக்குல்ல, அதோட ப்ளக்கையும் மூடியையும் மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள திறந்துடுங்க. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், கடற்கரைய விட காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கீழ வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல வந்ததும் உப்பிக்கிட்டு நிக்குமே, அதே கதைதான், ஆனா இங்க உப்பறது உங்க ஃபைபர் ஜாயின்ட். டேங்க் நிஜமாவே காத்து போகாம சீல் ஆகியிருந்தா ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு டன் கிட்ட உள்ளருந்து தள்ளும். ஒட்டு விட்டுச்சுன்னா வெளிய தெரியாது, அடுத்த சீசன்ல டேங்க்ல தண்ணி ஏறும்போதுதான் தெரியும். இறங்கும்போதும் இதே மாதிரி, அப்போ உள்பக்கமா அமுக்கும், அதனால கீழ போய் சேர்ற வரைக்கும் திறந்தே இருக்கட்டும். சில மாடல்ல மூச்சு விடறதுக்குன்னே சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க, அதுல மண்ணு அடைச்சிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க.

வர்ற தேதி. வடகிழக்கு மழை அக்டோபர் 20 வாக்குல தொடங்கும், அதுக்கு முன்னாடி ஏறிடுங்க. 2009 நவம்பர் மண்சரிவை கோத்தகிரிக்காரருக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல, ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு அந்த ரோட்டுல மாட்டிக்கிட்டா திருப்பக்கூட இடம் கிடையாது. சென்னை நம்பர் வண்டின்னா இ-பாஸ் போட்டுக்கோங்க.

இப்போ எங்க நிறுத்தறது. ஷெட்டுக்குள்ள பூட்டி வைக்கறதா, முற்றத்துல தார்ப்பாய் போட்டு வைக்கறதான்னு கேட்டிருக்கீங்க. சுவரும் கதவும் வச்ச ரூமை விட நாலு பக்கமும் திறந்த கார் ஷெட் எவ்ளோ மேல். ஒரு விஷயம் கவனிங்க, தகரக் கூரை வேர்க்கும். ஜனவரில வானம் தெளிஞ்ச ராத்திரி தகரம் சில்லுனு ஆகி விடிகாலைல கீழ்ப்பக்கம் பூரா தண்ணி கோத்து சொட்டும், மழையே இல்லாம போட் நனைஞ்சு கிடக்கும், அதனால ஷெட்டுக்குள்ளயும் மேல ஒரு தார்ப்பாய் வேணும். ஆனா போட் மேல படுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. ரெண்டு முனைலயும் முட்டு கொடுத்து நடுவுல நீளமா ஒரு மூங்கில் கட்டி கூடாரம் மாதிரி போடுங்க, முன்னாடியும் பின்னாடியும் திறந்து விடுங்க, கயிறை ட்ரெய்லர் சட்டத்துல கட்டுங்க. தார்ப்பாய் காத்துக்கு போட் மேல உரசிக்கிட்டே இருந்தா அதுல இருக்கற மண்ணே உப்புத்தாள் வேலை பாத்து பளபளப்பை எடுத்துடும். முற்றம் தவிர வேற வழியே இல்லன்னா சில்வர் ஓக் மரத்துக்கு கீழ மட்டும் நிறுத்தாதீங்க, அந்த இலை ஒரு வாரத்துல தண்ணி வடியற ஓட்டைய அடைச்சுடும்.

போட்டோட மூக்கை ஒரு சாண் தூக்கி வைங்க, பின்னாடி தண்ணி வடியற ஓட்டை திறந்திருக்கணும், உள்ள விழற தண்ணி தானா ஓடிடணும். உறைபனி பயமும் இதோட முடிஞ்சுது. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், நிஜம்தான், ஆனா தேங்கி நிக்கற தண்ணிக்குத்தானே அந்தக் கவலை. ஊட்டி பள்ளத்துல உறைபனி விழும், உங்க பக்கம் அபூர்வம், ரெண்டு இடத்துலயும் தேங்காத போட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

இழுத்துக் கட்டின ராட்செட் பெல்ட்டை வந்து சேர்ந்த அன்னிக்கே தளர்த்துங்க, மாசக்கணக்கா இறுக்கி விட்டா போட்டோட உடம்பு அப்படியே பள்ளம் விழும். ட்ரெய்லரை ஜாக்கி வச்சு தூக்கி மரக்கட்டை மேல உக்கார வைங்க, டயர் தரையில பாரம் தாங்க வேணாம். ஹேண்ட்பிரேக் போட்டு விடாதீங்க, ஈரத்துக்கு பிரேக் கட்டை டிரம்மோட ஒட்டிக்கும், பிப்ரவரில சுத்தியல் எடுத்து அடிக்கணும், சக்கரத்துக்கு கல்லு வைங்க போதும்.

பாயை வீட்டுக்குள்ள எடுத்துட்டு போயிடுங்க. பாலியஸ்டர் துணி பூஞ்சைக்கு மக்கிப் போகாது, ஆனா அழுக்குல பிடிக்கற கருப்புப் புள்ளி ஜென்மத்துக்கும் போகாது. மடிக்காம உருட்டி, பழைய வேட்டில சுத்தி, உத்தரத்துல இருந்து கயிறுல தொங்க விடுங்க. பிளாஸ்டிக் பைல போட்டா முடிஞ்சுது. பூச்சி உருண்டை ஈரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. பரண் மேல வைக்காதீங்க, எலிக்கு மெத்தை கொடுத்த மாதிரி. மர ரடரை, அதாவது சுக்கானை, கணப்பு கிட்ட வச்சா வெடிக்கும், உள் ரூம் சுவர்ல மாட்டுங்க. மாஸ்டை மூணு இடத்துல முட்டு கொடுத்து படுக்க வைங்க, ரெண்டு வாய்லயும் கொசுவலைத் துணி திணிங்க, காத்து போகணும் ஆனா குளவி கூடு கட்டக் கூடாது.

மோட்டாரை சென்னைலயே டிரம்ல நல்ல தண்ணி விட்டு பத்து நிமிஷம் ஓட்டுங்க, அப்புறம் பெட்ரோலை முழுசா எடுத்துட்டு கார்புரேட்டரையும் காலி பண்ணுங்க. இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்தது, அது ஈரத்தை உறிஞ்சும், அஞ்சு மாசம் நின்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன துளை, ஜெட், அடைச்சுக்கும். கியர் ஆயிலை இப்பவே மாத்திடுங்க, பழசு பால் மாதிரி வெள்ளையா வந்தா சீல் போச்சுன்னு அர்த்தம், ரிப்பேருக்கு நேரம் இருக்கு. நேரா நிமித்தி மாட்டுங்க, கூலிங் தண்ணி தானா வடிஞ்சுடும், ஆன்டிஃப்ரீஸ் வேலையே இல்ல.

அப்புறம் நம்ம ஊர் விருந்தாளிங்க. காட்டுமாடு முற்றத்துக்கு வர்ற ஊரு, ஒரு தடவ முதுகு தேச்சுக்க சாஞ்சாலே போட் தாங்காது, அதனால வீட்டுச் சுவரை ஒட்டி, வேலிக்கு உள்பக்கமா நிறுத்துங்க. கரடிக்கு எண்ணெய் வாசம், தீனி வாசம் போதும், லாக்கர்ல பழைய பிஸ்கட் பாக்கெட் கிடந்தா எடுத்துடுங்க. குரங்கு தார்ப்பாயை கிழிக்கும், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட நிறைய சொல்லாதீங்க. ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் பின்னாடி ஓட்டைல தண்ணி வடியுதான்னு பாக்கச் சொல்லுங்க, வெயில் அடிக்கற நாள்ல தார்ப்பாயை ரெண்டு மணி நேரம் ஒதுக்கி விடச் சொல்லுங்க, அவ்ளோதான். அதை விட முக்கியமா அம்மாகிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா நீங்க பஸ் ஏறின மறுநாளே அது விறகு அடுக்கற இடம் ஆயிடும், ஈர விறகுதான் இருக்கறதுலயே மோசம்.

பிப்ரவரில வந்து இறக்கும்போது வீல் பேரிங்குக்கு புது கிரீஸ், டயர்ல காத்து செக், இறக்கம் பூரா செகண்ட் கியர், நடுவுல ஒரு இடத்துல ஓரங்கட்டி பிரேக் டிரம் சூட்டை கை கிட்ட கொண்டுபோய் பாருங்க, தொடாதீங்க. டேங்க் ப்ளக் எல்லாத்தையும் ஒரு கயிறுல கோத்து ரடரைத் திருப்பற டில்லர் கட்டைலயே கட்டி விடுங்க, தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி ரடர் மாட்டும்போது கண்ணுல பட்டே ஆகணும்.