படத்தில் பஞ்சு, தட்டில் செங்கல்

கேள்வி: வீட்டு பேக்கிங் புத்தகம் ஒன்று வாங்கி, வரிசையாக மூன்று கேக் செய்து பார்த்தேன். வெனிலா கேக் செங்கல் மாதிரி வந்தது (சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைத்தேன்). சாக்லேட் கேக் மேலே கருகிவிட்டது, உள்ளே மாவாகவே இருந்தது. 8 அங்குல டின் இல்லாததால் 6 அங்குல டின்னில் ஊற்றியிருந்தேன். வாழைப்பழ கேக் நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழி விழுந்தது. புத்தகத்தில் தப்பா, என் கையில் தப்பா?

பதில்: வெனிலா கேக்குக்கான பதிலில் பாதியை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்பிவிட்டீர்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கேக்கின் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்று தங்குவதும் அதன் துகள்களால்தான். மைதா இழுபட்டு ரப்பர் மாதிரி ஆகாமல் தடுப்பதும் அதுவே. பாதியை எடுத்துவிட்டால் வேறென்ன வரும்? இனிப்பு குறைய வேண்டுமென்றால், இரண்டாம் முறை செய்யும்போது பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். முதல் முறை மட்டும் புத்தகம் சொன்னபடியே.

மீதிப் பாதி, அநேகமாக மைதா. கப்பை நேராக டப்பாவுக்குள் விட்டு அள்ளினீர்களா? மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் உதிர்த்துப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்தால் ஒரு கப் 120 முதல் 125 கிராம் வரும். அதே கப்பை அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தாண்டும். இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் ஏறக்குறைய அரை கப் கூடுதலாக விழுந்துவிடுகிறது. அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கப்பிலேயே அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி. ஆஸ்திரேலியப் புத்தகம் என்றால் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. அதனால் புத்தகத்தில் கிராம் கணக்கு இருந்தால் கப்பை மறந்துவிடுங்கள். விலை உயர்ந்த பீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் தராசு.

சாக்லேட் கேக் கருகியதற்கு டின்தான் காரணம். 8 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கிப் பாருங்கள்: 8×8=64, 6×6=36. அதாவது உங்கள் டின் புத்தகம் சொன்னதில் பாதியை விடச் சற்றுதான் பெரியது. மாவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழத்தில் நின்றிருக்கும். சூடு நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மேல்பகுதி கருகிவிட்டது. டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மிச்ச மாவைக் கப்கேக்காக ஊற்றுங்கள்.

ஓவனையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 டிகிரிதான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும். புத்தகத்தில் 350 என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட். நமக்கு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். ஃபேன் ஓடும் ஓவனில் பொதுவாக 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். சூடேறியதைக் காட்டும் விளக்கு அணைந்ததும் டின்னை உள்ளே தள்ளாமல், ஓவனை இன்னும் பத்து நிமிடம் காயவிடுங்கள்.

வாழைப்பழ கேக்கில் விழுந்த குழிக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பாதி வேகும் முன்பே கதவைத் திறந்திருக்கலாம், நடு வேகாமலே வெளியே எடுத்திருக்கலாம், பேக்கிங் சோடா கூடியிருக்கலாம். எழும்பிய பிறகு அமுங்கியது என்பதால் என் சந்தேகம் சோடா மேல்தான். சமையலறை ஸ்பூனில் குவித்துப் போட்ட 'ஒரு ஸ்பூன்', 5 மில்லி அளவு ஸ்பூனில் வழித்த ஒரு டீஸ்பூனைவிட நன்றாகவே அதிகம்.

புத்தகத்திலும் தப்பு வரும், அச்சுப்பிழை உட்பட. ஒரு கப் மைதாவுக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சோடா என்றால் கால் டீஸ்பூன்: இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் என்று இருந்தால், மாவைக் கலக்கும் முன்பே புருவம் உயரட்டும்.

இப்போதைக்குச் சாக்லேட்டையும் வாழைப்பழத்தையும் விட்டுவிட்டு, வெனிலா கேக்கையே மறுபடி செய்யுங்கள். முழுச் சர்க்கரை, தராசில் நிறுத்த மைதா, சரியான டின். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் வந்த நிமிடத்தைப் புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள், ஓவனில் எந்தத் தட்டில் வைத்தீர்கள் என்பதோடு.