தண்ணீர் குடித்தும் வாந்தி ஏன்?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 46. சென்ற மாதம் மாரத்தான் ஓடினேன். ஒரு தண்ணீர் மேசையைக்கூட விடவில்லை. 32-வது கிலோமீட்டரில் தலைவலி, வாந்தி. மோதிரம் விரலை இறுக்கியது. ஐந்தரை மணி நேரத்தில் முடித்தேன். வீட்டில் எடை பார்த்தால் ஒரு கிலோ கூடியிருந்தது! முட்டிவலிக்காகக் காலையில் இபுப்ரோஃபென் போட்டிருந்தேன். சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் இன்னும் அதிகம் குடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்த ஒரு கிலோதான் எனக்குக் கவலை தருகிறது. வியர்த்து ஓடியவருக்கு எடை குறைய வேண்டும். கூடியதென்றால் உள்ளே போன தண்ணீர் வெளியேறவில்லை என்று பொருள்.

நெடுநேரம் ஓடும்போது சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் அதிகம் சுரக்கும். இபுப்ரோஃபென் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். தேங்கிய நீரில் ரத்தத்தின் சோடியம் நீர்த்து, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். மூளை வீங்கத் தொடங்கும். உங்களுக்கு அன்று எவ்வளவு இருந்தது என்று இப்போது சோதித்துப் பயனில்லை, அது எப்போதோ சரியாகியிருக்கும். ஆனால் அறிகுறிகள் பொருந்துகின்றன. 1985-ல் இதை மருத்துவ இதழில் எழுதிய முன்னோடி நம் தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ்தான். மெதுவாக ஓடுபவர்களுக்கே ஆபத்து அதிகம். குடிக்க அவர்களுக்கு நேரம் நிறைய. காம்ரேட்ஸில் 12 மணி நேரம் இருக்கிறது.

பயிற்சி நாளில் இதைச் செய்யுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள், குடிப்பதை அளந்து குடியுங்கள். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 72 கிலோ 71.4 ஆகி, இடையில் 300 மில்லி குடித்திருந்தால், வியர்வை 900 மில்லி. அது உச்சவரம்பு, அவ்வளவையும் குடித்துத் தீர்க்கக் கூடாது. தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள், வயிறு குலுங்கினால் அடுத்த மேசையைத் தாண்டிப் போங்கள். ஸ்போர்ட்ஸ் பானத்திலும் சோடியம் ரத்தத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான், அதையும் மிகையாகக் குடித்தால் இதே கதி. உப்புத் தூவிய உருளைக்கிழங்கு நல்லது. ஆனால் அதிகம் குடித்ததை அது சரிக்கட்டாது.

ஓட்டத்துக்கு முந்தைய நாளும் அன்றும் இபுப்ரோஃபென் கூடாது. முட்டிவலி அப்படியே இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லைக்கோட்டில் காத்திருக்கும் வீட்டாரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நீங்கள் குழம்பிப் பேசினாலோ வலிப்பு வந்தாலோ தண்ணீர் புகட்டக் கூடாது. மருத்துவக் கூடாரத்தில், டிரிப் ஏற்றுமுன் ரத்த சோடியம் பார்க்கச் சொல்ல வேண்டும்.