கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் குறித்துக் கேட்டவை: வாடை, நுரை, மீன்

கேள்வி: எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையப் பக்கம் விடிகாலையில் நாற்றம் தாங்கவில்லை. ஒழுங்காக ஓடவில்லை என்று அர்த்தமா?

எந்த மாதிரி நாற்றம் என்று முதலில் பாருங்கள். காற்றூட்டத் தொட்டி (காற்று ஊதி, நுண்ணுயிர்கள் கழிவைத் தின்ன வைக்கும் தொட்டி) நன்றாக இருந்தால் ஈர மண் வாடைதான் வரும். அழுகிய முட்டை வாடை என்றால் அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாமல் கழிவுநீர் வெகுநேரம் தேங்கியிருக்கிறது. பல ஊர்களில் அது நிலையத்தில் உருவாவதே இல்லை, நீளமான குழாயிலும் பம்பிங் ஸ்டேஷன் கிணற்றிலும் கிடந்து அழுகி, நிலையத்துக்குள் வந்து கொட்டும் இடத்தில் வெளியேறுகிறது. விடிகாலையில் காற்று அசையாததால் அப்படியே தரையோடு தங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினாலே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி மேன்ஹோலில் இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். யாரையும் இறக்காதீர்கள், இறங்குவதைப் பார்த்தால் தடுங்கள்.

கேள்வி: தொட்டி முழுக்க நுரை. சோப்பா?

வெள்ளையாக, லேசாகப் பறக்கிற நுரை என்றால் சோப்பாக இருக்கலாம், இல்லை தொட்டியில் நுண்ணுயிர் இன்னும் போதவில்லை. பழுப்பாக, தடித்த ஏடு மாதிரி என்றால் நோகார்டியா போன்ற இழை நுண்ணுயிர்கள். எண்ணெயும் கொழுப்பும் அதிகம் வந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கசடு (நுண்ணுயிர்கள் திரண்ட சேறு) திட்டுத் திட்டாகச் சேர்ந்து கீழே இறங்கி, மேலே நீர் தெளிந்தால் கவலை இல்லை. பஞ்சு போல உப்பிக்கொண்டு இறங்க மறுத்தால், அடுத்து அது வெளியேறும் நீரோடு சேர்ந்து ஆற்றுக்குத்தான் போகும்.

கேள்வி: ஈர டிஷ்யூ கரைந்துவிடும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே?

பெரும்பாலும் கரைவதில்லை. கொழுப்போடு திரண்டு பம்பில் சுற்றிக்கொள்கிறது. குப்பையில் போடுங்கள்.

கேள்வி: மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ராத்திரி ப்ளோயரை நிறுத்துகிறார்கள். தப்பா?

காற்று ஊதுவதற்கே நிலைய மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி போகிறது, அதனால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் வேலை செய்வது அந்தக் கசடில் இருக்கும் உயிர்கள்தான். 1914ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் கசடை வைத்தே சுத்திகரிக்கும் இந்த முறையைக் கண்டுபிடித்ததே, படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அடுத்த கழிவுநீரிலும் அதையே சேர்த்துக் காற்று ஊதியதால்தான். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும். மீட்டர் பார்த்து வேகத்தைக் குறைப்பது சிக்கனம், இரவு முழுக்க மொத்தமாக நிறுத்துவது அந்த உயிர்களைத் திணறடிப்பது.

கேள்வி: வெளியேறும் நீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் ஓடையில் மீன் செத்து மிதக்கிறது, எப்படி?

தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அம்மோனியாவும் மிச்ச க்ளோரினும் கண்ணுக்குத் தெரியாது, இரண்டுமே மீனைக் கொல்லும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். ப்ளோயர் நின்றாலோ, மழைநீர் சாக்கடையில் புகுந்து கசடை அடித்துக்கொண்டு போனாலோ, பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சீராகிவிட்ட பிறகும் அம்மோனியா இறங்க வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் கோடை: 20 டிகிரியில் சுத்தமான நீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5 தான். ஓடையிலும் நீர் குறைந்திருக்கும், நிலையம் விடுவதே ஓடை என்கிற நிலை. ஆகவே அறிக்கை கேட்கும்போது பி.ஓ.டி.யோடு நிற்காதீர்கள். அம்மோனியா, மிச்ச க்ளோரின், கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஆக்சிஜன், எல்லாம் கேளுங்கள். ஆக்சிஜனை விடியும் முன் அளக்கச் சொல்லுங்கள். மதியம் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கணக்கை நன்றாகக் காட்டிவிடும்.

கேள்வி: காய்ந்த கசடை வயலில் போடலாமா?

தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆனால் உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வெறும் வெயிலில் காயவைப்பது போதாது. முலாம் பூசும் பட்டறைக் கழிவு உங்கள் சாக்கடையில் சேர்கிறது என்றால் கன உலோகப் பரிசோதனை இல்லாமல் ஒரு கூடைகூட வாங்காதீர்கள். பச்சையாகத் தின்னும் கீரை, காய்க்கு எப்படியும் வேண்டாம்.