டிக்கெட் கேட்கும் கெர்பரோஸ்

கேள்வி: நெட்வொர்க் வேலைக்குத் தயாராகிறேன். நெட்வொர்க்கில் லாகின் செய்பவர் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ், ரேடியஸ் முறைகள் இரண்டும் தலையில் ஏறவே இல்லை. நாகர்கோவில் போய் ஃபீஸ் கட்டித்தான் படிக்கணுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பஸ் காசைக்கூட மிச்சம் பிடிக்கலாம். கெர்பரோஸுக்கு, 1988-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல நாடகமாகவே எழுதிய விளக்கம் ஒன்று அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது, ஒருவர் திட்டம் சொல்ல மற்றவர் அதில் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டே போவார், டிக்கெட் (கெர்பரோஸ் தரும் மின்னணு அனுமதிச் சீட்டு) எதற்கு என்பது அதிலேயே பிடிபட்டுவிடும். அப்புறம் ரேடியஸுக்கு, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஃப்ரீரேடியஸ் என்ற இலவச ரேடியஸ் சர்வர் மென்பொருளை நிறுவி, அது பயன்படுத்தும் 1812-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) போய்வரும் தரவை வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் பாருங்கள்: பயனர் பெயர் பச்சையாகத் தெரியும், பாஸ்வேர்டு மட்டும் மறைந்திருக்கும். சந்தேகம் வந்தால் ரேடியஸின் விதிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 2865-ஐப் புரட்டுங்கள். மனப்பாடம் வேண்டாம். கெர்பரோஸில் கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் வழக்கமாக லாகின் ஆகாது, இது தெரியாமல் நான் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.